திரும்பி வரும் மூளை நோய்

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு நீங்குகிறது. சில தினங்களுக்குப் பின் நடை தள்ளாடுகிறது, கண் மங்குகிறது, நினைவும் தடுமாறுகிறது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே வழிதவறி, மூளை நரம்புகளுக்கு உறைபோல் அமைந்த மயலினைத் தாக்குவதன் விளைவு இது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். தாமதமின்றி ஸ்டீராய்டு மருந்தை ஊசி வழியாகச் செலுத்தினால் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகின்றன. பெற்றோர் தெய்வத்துக்கு நன்றி கூறி வீடு திரும்புகின்றனர்.

விஷயம் அத்துடன் முடிந்ததென்று எண்ணுவது பெரும் பிழை. சில குழந்தைகளுக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து நோய் மீண்டும் வருகிறது. வருந்தோறும் பார்வையிலோ கல்வித் திறனிலோ சிறிது பறித்துச் செல்லக்கூடும்.

எவ்வகை நோய் என்று பிரித்தறிய இன்று வழியுண்டு. மயலினிலுள்ள 'மாக்' என்னும் புரதத்தை எதிர்க்கும் எதிர்ப்பான் இரத்தத்தில் உளதா என்று சோதிக்கலாம். அவ்வகை நோயை நிர்ணயிக்கும் சர்வதேச விதிகள் 2023-ல் வெளியாயின. கண்ணையும் தண்டுவடத்தையும் கெடுக்கும் வேறொரு நோயைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பான் 2004-லேயே அறிவிக்கப்பட்டது. இப்பாகுபாடு ஏட்டுச் சுரைக்காயன்று. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்குரிய சில மருந்துகள், பின்னே கூறிய நோயில் தீங்கையே விளைவிக்கக்கூடும்.

ஆகவே இச்சோதனை அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் அனைத்திலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். தேறிய குழந்தையைக் குறித்த காலத்தில் அழைத்து மறுபடி பரிசோதிக்கும் ஏற்பாடும் வேண்டும். அபூர்வ வியாதிக்கு இத்துணைச் செலவா என்று சிலர் வினவுவர். கண்ணிழந்த குழந்தையை ஆயுள் முழுவதும் ஓர் ஏழைக் குடும்பம் தாங்கும் செலவை எந்த வரவு செலவுத் திட்டத்தில் எழுதுவது?

தாமதத்தின் விலையை இத்தேசம் அறியாததன்று. கசௌலியில் ஸெம்பிள் என்பவர் 1911-ல் உருவாக்கிய வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆட்டு மூளையினின்று செய்யப்பட்டது. அதிலிருந்த மயலின் காரணமாகச் சிலருக்கு இதையொத்த மூளை அழற்சி உண்டாயிற்று. அதைக் கைவிடுமாறு உலக சுகாதார ஸ்தாபனம் 1984 முதல் வற்புறுத்தியும், இந்தியா நிறுத்தியது 2004-இன் இறுதியில்தான். இடையிற் கழிந்தவை இருபது ஆண்டுகள்.

அக்காலதாமதம் நம் குழந்தைகள் விஷயத்தில் மீண்டும் நேரலாகாது. நோய் திரும்பி வருவது சில வேளை தடுக்க முடியாததாகலாம். நாம் ஆயத்தமின்றி இருப்பதோ மன்னிக்க முடியாதது.