மலையின் கடற்பக்கம்



பெல்லெகிரினோ மலையிலுள்ள புனித ரோசாலியாவின் குகைக்கு ஏறிச் செல்லாத எம்மவர் பலெர்மோவில் குறைவு. 1624இல், கொள்ளைநோய்க் காலத்தில், அன்னையின் எலும்புகள் அங்கே கண்டெடுக்கப்பட்டன. கூரையிலிருந்து சொட்டும் நீரைப் பீலிகள் ஏந்துவதைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புக்கல்லை மழைநீர் கரைத்துக் கரைத்தே குகையாக்குகிறது. எங்கள் நிலாவரைக் கிணறும் அப்படி உண்டானதே.

அதே மலையின் கடற்பக்கத்தில் அடாவ்ரா குகைகள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டுப் படைகள் அங்கே வெடிமருந்து வைத்திருந்தன. அது வெடித்துச் சுவரின் மேற்படை உதிர்ந்ததால், பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட கோட்டுருவங்கள் வெளிப்பட்டன என்பர். 1950களின் தொடக்கத்தில் யோலே போவியோ மார்க்கோனி அம்மையார் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். மான், மாடு, குதிரை. நடுவே உடல் வளைந்த இருவர், சுற்றிவர மனிதர். பலியா, சடங்கா, கரணமடிக்கும் வித்தையா? அறிஞரிடையே இன்னும் ஒருமித்த முடிவில்லை.

பாறை விழும் அபாயத்தால் 1997இல் குகை மூடப்பட்டது. உருவங்களின் வார்ப்பு நகரின் சலீனாஸ் நூதனசாலையில் உண்டு.

அடுத்தமுறை மலையேறும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். "நாங்கள் வந்தேறிகளா, அம்மா?" என்று கேட்கும் பிள்ளைக்கு, இம்மலையில் முதலில் குடியிருந்தவர்களும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான் என்பது ஒரு நல்ல பதில்.