அடைப்புக்குறியைக் கவனித்தீர்களா?

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன். வேலை சாஃப்ட்வேர். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின் மாவட்ட அறிக்கைகள் நெட்டில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் சில சதவீதங்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். 25 முதல் 49 பேரை மட்டுமே வைத்துக் கணக்கிட்டது என்று அர்த்தம். 25-க்கும் குறைவு என்றால் எண்ணே இருக்காது, நட்சத்திரக் குறிதான். வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் இந்த அடைப்புக்குறி காணாமல் போய்விடுகிறது.

707 மாவட்டங்களில் 6,36,699 வீடுகள். சராசரியாக மாவட்டத்துக்கு 900. இதில் முந்தைய இரண்டு வாரத்துக்குள் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகள் சொற்பமாகத்தான் இருப்பார்கள்.

ஒரு உதாரணக் கணக்கு. 40 குழந்தைகளில் 24 பேருக்கு ஓ.ஆர்.எஸ். கொடுத்திருக்கிறார்கள். 60 சதவீதம். எக்ஸெலைத் திறந்து 0.6-ஐ 0.4-ஆல் பெருக்கி, 40-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 1.96-ஆல் பெருக்குங்கள். 0.15 வரும். அதாவது உண்மை நிலவரம் 45 முதல் 75 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். இதுதான் கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல்.

முந்தைய ஆய்வில் 40-க்கு 30 பேர், 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். குறைந்துவிட்டதா? சோதித்தால் பி மதிப்பு சுமார் 0.15. மாற்றமே இல்லாவிட்டாலும் நூற்றுக்குப் பதினைந்து முறை இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகவே வரும். இதை வைத்துக் கிராம சுகாதார செவிலியரைத் திட்டுவது நியாயமா? அதே சமயம், எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் இது நிரூபிக்கவில்லை.

அடுத்த முறை ஃபார்வேர்டு செய்யும் முன் 'எத்தனை பேரில்?' என்று கேளுங்கள், நண்பர்களே!