மாரிக்கு விட்டுவிட்டுப் போகும் மோட்டச்சைக்கிளும் ஓர் அமானிதம்தான்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் மோட்டச்சைக்கிள் வைத்திருக்கிறவர்கள் பொறுமையாகக் கடைசிவரை வாசியுங்கள். மூன்றாம் தவணை விடுமுறைக்கு வெளி மாவட்டம் போகிற ஆசிரிய நண்பர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

மாரி வரப்போகுது என்றால் எங்கள் ஊரில் என்னென்ன செய்கிறோம்? உடைந்த ஓட்டை மாற்றுகிறோம். விறகை உள்ளே எடுத்து அடுக்குகிறோம். வளவுக்குள் தண்ணீர் நிற்காமல் வாய்க்கால் வெட்டி விடுகிறோம். சாப்பாட்டு நெல் மூட்டையைப் பலகையில் ஏற்றுகிறோம். மாட்டைக்கூட மேட்டுப்பக்கம் சாய்த்து விடுகிறோம். ஆனால் வளவுக்குள் இருப்பதிலேயே விலை கூடிய பொருள், அனேகமாக இன்னும் லீசிங் கட்டி முடியாத பொருள், மாமரத்துக்குக் கீழே நிற்கும். மேலே ஒரு தறப்பாள். அதோடு எங்கள் கடமை முடிந்துவிடும்.

மாரிக்கு முன் ஒரு மணித்தியாலம் செலவழிக்கப் பஞ்சிப்பட்டு, தை மாதம் ஒரு மாதச் சம்பளத்தைக் கராச்சில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். இதை யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அப்படிக் கொடுத்தவன் நான்.

2018 இல் நடந்தது. வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து வந்து, விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கிச் சில வருடங்கள்தான். 1990 இல் முல்லைத்தீவை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் வேலைக்காகத் திரும்பி வந்தாலும் உம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லாம் புத்தளத்தில். ஆகவே டிசம்பர் விடுமுறை விட்டதும் நான் இருந்த வாடகை வீட்டு விறாந்தையில் பைக்கை நிறுத்தி, சாவியை வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். வீடு நந்திக்கடல் பக்கம், பள்ளக் காணி.

டிசம்பர் 21 இரவு கொட்டிய மழை உங்களுக்கு மறந்திருக்காது. இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. நான் புத்தளத்தில் இருந்து போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பைக் பெற்றோல் டாங்கின் அரைவாசி வரைக்கும் தண்ணீருக்குள் நின்றது.

வெள்ளம் வற்றியதும் வீட்டுக்கார அம்மாவின் மகன், அப்போது உயர்தரம் படிக்கிற பிள்ளை, "சேர் வந்து பார்த்தால் கவலைப்படுவார்" என்று பைக்கைக் கழுவி, வெயிலில் காயவிட்டிருக்கிறான். பிறகு கிக்கரை மிதித்திருக்கிறான். கிக்கர் இறங்கவில்லை. கூட்டாளிமார் இரண்டு பேரைக் கூப்பிட்டு, கியரில் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். உள்ளே ஏதோ ஒன்று "டக்" என்று கேட்டதாம்.

கராச்சில் பாஸ் எஞ்சினைத் திறந்து காட்டினார். கனெக்ரிங் ரொட் வளைந்திருந்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டனுக்கு மேலே தண்ணீர் நிற்கும்போது எஞ்சினைச் சுற்றினால், அமுங்காத தண்ணீர் இரும்பை வளைக்கும். இந்தப் பாடத்தை வகுப்பில் சிரிஞ்சை வைத்துப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறவன் நான்தான். அதை என் சொந்தப் பைக்கில் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

காசு போனது போகட்டும். அந்தப் பிள்ளை மாதக்கணக்கில் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் படலையைத் திறந்தால் அவன் கிணற்றடிப் பக்கம் போய்விடுவான். அவனில் ஒரு பிழையும் இல்லை. நல்ல மனதோடு செய்தான். பிழை என்னுடையது. சாவியைக் கொடுத்தேன், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவில்லை.

ஒருவரை நம்பி ஒப்படைக்கிற பொருளை நாங்கள் அமானிதம் என்போம். அமானிதத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வாங்கி வைத்திருப்பவரின் பொறுப்பைத்தான் பேசுகிறோம். கொடுக்கிறவருக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பொருளைப் பத்திரமாக வைக்கக்கூடிய நிலையில் கொடுக்க வேண்டும். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது அடுத்தவர் தலையில் சுமை ஏற்றுவதுதான்.

"ஒரு பைக்குக்கு இவ்வளவு கதையா சேர்?" என்று சிலர் கேட்கலாம். கொழும்பில் பைக் இல்லாவிட்டால் பஸ் இருக்கிறது. இங்கே பைக்தான் எங்கள் கால். பள்ளிக்கூடம், வயல், ஆஸ்பத்திரி, கடற்கரை எல்லாம் அதில்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய பைக்கின் விலை எங்கே போனது என்பது எல்லோருக்கும் தெரியும். 2022 இல் கியூ.ஆர். அட்டையைக் காட்டி, கிழமைக்கு நாலு லீற்றருக்கு வரிசையில் நின்றதும் மறக்காது. அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய பொருளை ஒரு மாரியில் கறள் தின்ன விடலாமா?

கனடாவில் இருக்கிற எங்கள் உறவுகளைக் கேட்டுப் பாருங்கள். பனி விழத் தொடங்க முன்னரே பைக்கைக் கழுவி, ஒயில் மாற்றி, பற்றரியைக் கழற்றிக் கராச்சுக்குள் வைத்துவிடுவார்கள். பனி உருகி வெயில் வந்த பிறகுதான் வெளியில் எடுப்பார்கள். அங்கே அது வருடா வருடம் நடக்கிற வேலை. அங்கே பனிக்காக றோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள். இங்கே உப்பு வாடைக்காற்றோடு கடலில் இருந்து வருகிறது. இரும்புக்கு இரண்டும் ஒன்றுதான். எங்களுக்குப் பனி இல்லை, மாரி இருக்கிறது. மாரிக்கென்று ஒரு பழக்கம்தான் இல்லை.

மூன்று நான்கு கிழமைக்கு மேல் பைக்கை நிறுத்துவதென்றால் நான் இப்போது செய்வது இதுதான்:

1. இடம். இதுதான் முதல் வேலை. 2018 வெள்ளம் எதுவரை வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். சில வீட்டுச் சுவரில் கோடு இன்னும் தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலே பைக்கை ஏற்ற முடியாவிட்டால், அத்திவாரம் உயர்ந்த வீடு ஒன்றில் கேட்டு நிறுத்துங்கள். அடுப்படியில் மட்டும் வேண்டாம். பெற்றோல் ஆவி நெருப்பைத் தேடிப்போகும்.

2. கழுவிக் காயவைத்தல். சேறும் உப்பும் இருக்கத் தறப்பாளால் மூடினால் கறளை மூடி வளர்க்கிறோம் என்று அர்த்தம். நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு பகல் முழுக்கக் காயவிடுங்கள். செயினை மண்ணெண்ணெயில் துடைத்துக் கியர் ஒயில் போடுங்கள். ஆணிகள், ஸ்போக் கம்பிகளில் ஒயில் துணியால் ஒரு துடை. பிறேக்கிலும் டயரிலும் ஒயில் படக்கூடாது.

3. எஞ்சின் ஒயில். பழைய ஒயிலில் ஈரமும் அமிலமும் சேர்ந்திருக்கும். அதோடு மாதக்கணக்கில் நிறுத்தினால் உள்ளே இருக்கிற இரும்பை அது அரிக்கும். ஒயிலை வந்து மாற்றுவதை விட, போகமுன் மாற்றுவதுதான் சரி.

4. பெற்றோல். டாங்க் அரைவாசி வெறுமையாக இருந்தால் அந்த இடத்தில் ஈரக்காற்று இருக்கும். இரவுக் குளிரில் அது வியர்த்து, தண்ணீராகி அடியில் இறங்கும். டாங்க் உள்ளிருந்து கறள் பிடிப்பது இப்படித்தான். ஆகவே டாங்கை நிரப்பி வையுங்கள். காபரேற்றர் பைக் என்றால் பெற்றோல் ரப்பைப் பூட்டிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். காபரேற்றருக்கு அடியில் இருக்கிற சின்ன ஸ்குறூவைத் திறந்து மிச்சத்தையும் எடுத்துவிடலாம். அங்கே தேங்குகிற கொஞ்சப் பெற்றோல்தான் காய்ந்து, பிசின் மாதிரி ஆகித் துளையை அடைக்கும். "டாங்கை நிரப்பினால் களவெடுப்பான்" என்பார்கள். நியாயமான பயம். அதற்கு மருந்து பூட்டுப் போடக்கூடிய இடமே தவிர, வெறும் டாங்க் இல்லை.

5. பற்றரி. முதலில் மைனஸ் வயர், பிறகு பிளஸ். கழற்றி உள்ளே காய்ந்த இடத்தில் வையுங்கள். சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கும். முழுக்க இறங்கிய பற்றரியை அப்படியே விட்டால் தகட்டில் சல்பேற் படிந்து திரும்பச் சார்ஜ் ஏறாது. நீண்ட நாளென்றால் இடையில் ஒருக்கா சார்ஜ் போடச் சொல்லுங்கள்.

6. நிறுத்தும் விதம். டயருக்குக் காற்று அடித்து, பெரிய ஸ்டாண்டில், பலகைக்கு மேலே. சைலன்சர் வாயில் ஒரு துணி. இல்லாவிட்டால் குளவி கூடு கட்டும். துணி வைத்திருப்பதை ஒரு துண்டில் எழுதிச் சாவியில் கட்டிவிடுங்கள். தறப்பாளை இறுக்கிச் சுற்றாமல் அடியில் காற்றுப் போக விடுங்கள். பக்கத்தில் நெல், தவிடு வேண்டாம். அதற்கு வருகிற எலி வயரையும் தின்னும்.

இன்னொன்று. "கிழமைக்கு ஒருக்கா இரண்டு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி விட்டால் போதும்" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பியிருந்தேன். இரண்டு நிமிசத்தில் எஞ்சின் சூடாகாது. எரிவதால் உண்டாகிற நீராவி வெளியே போகாமல் சைலன்சருக்குள்ளும் ஒயிலுக்குள்ளும் தண்ணீராகத் தங்கும். பற்றரியும் கொடுத்ததைத் திரும்பப் பெறாது. ஓடுவதென்றால் இருபது நிமிசமாவது றோட்டில் ஓட வேண்டும். முடியாவிட்டால் தொடாமல் விடுவதே மேல்.

இனி முக்கியமான விசயம். இவ்வளவு செய்தும் வெள்ளம் வந்து பைக் மூழ்கிவிட்டால்?

ஸ்டார்ட் பண்ணாதீர்கள். சாவியைப் போடாதீர்கள். தள்ளிப் பார்க்காதீர்கள். பற்றரியைக் கழற்றுங்கள். புளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கினால் உள்ளே இருக்கிற தண்ணீர் புளக் ஓட்டையால் வெளியே வரும். ஒயிலைத் திறந்து பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அதை முழுக்க எடுத்துப் புது ஒயில் விட்டு, கொஞ்சம் ஓடிய பிறகு அதையும் மாற்ற வேண்டும். எயார் பில்ரர், பெற்றோல் டாங்க், பிறேக்குக்குள் போன சேறு எல்லாம் பார்த்த பிறகுதான் கிக். இதெல்லாம் தெரியாது என்றால் தூக்கிக்கொண்டு பாஸிடம் போங்கள். கூலி கொஞ்சம்தான். வளைந்த ரொட்டுக்குக் கூலி கொஞ்சமில்லை.

காப்புறுதி இருக்கிறதே என்று நினைக்கிறவர்களுக்கு: தேர்ட் பார்ட்டி காப்புறுதி நீங்கள் அடுத்தவருக்குச் செய்கிற சேதத்துக்கு மட்டும்தான். வெள்ளத்தில் போன உங்கள் பைக்குக்கு ஒரு சதமும் வராது. முழுக் காப்புறுதி எடுத்தவர்களும் அதில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே ஒருக்கா வாசித்துப் பாருங்கள்.

எங்கள் பகுதியில் எத்தனையோ குடும்பங்களைப் பெண்கள்தான் தனியே கொண்டு நடத்துகிறார்கள். அவர்களின் ஸ்கூட்டி நின்றால் அந்த வீட்டின் உழைப்பும் நிற்கும். கராச்சுக்குப் போய்க் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டில் கை வேலை தெரிந்த பொடியன்மார் இருந்தால் போய் ஒரு கை கொடுங்கள். ஊர் என்றால் அதுதானே.

2025 நவம்பர் கடைசியில் "டித்வா" புயல் வந்தபோது நாடு முழுக்கப் பட்ட பாட்டைப் பார்த்தோம். மழை வருமுன் யோசிக்க நேரம் இருக்கிறது. வந்த பிறகு பிள்ளையையும் பத்திரங்களையும் தூக்கிக்கொண்டு ஓடத்தான் நேரம் இருக்கும். அந்த நேரத்தில் பைக்கைப் பற்றி யாரும் யோசிக்க முடியாது, யோசிக்கவும் கூடாது. உயிர்தான் முதல். அதனால்தான் முன்னுக்கே செய்யச் சொல்கிறேன்.

என்னுடைய யோசனை ஒன்றுதான். ஒவ்வொரு ஒழுங்கையிலும் உயரமான வீடு ஒன்றிரண்டு இருக்கும். நவம்பர் பிறக்க முன் அந்த வீட்டுக்காரரோடு கதைத்து, எத்தனை பைக் வைக்கலாம் என்று முடிவெடுப்போம். ஒரு சனிக்கிழமை கராச் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு, எல்லோருமாகக் காசு சேர்த்து, அந்த ஒழுங்கையின் பைக் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்து முடிப்போம். வெளி மாவட்ட ஆசிரியர்களே, சாவியோடு சேர்த்து ஒரு துண்டில் நாலு வரி எழுதிக் கொடுங்கள். முதல் வரி இப்படி இருக்கட்டும்: "வெள்ளம் வந்தால் ஸ்டார்ட் பண்ண வேண்டாம். என்ன நடந்தாலும் உங்களில் குறை இல்லை."

அந்த ஒரு வரியை 2018 இல் நான் எழுதி வைத்திருந்தால் ஒரு நல்ல பிள்ளை மாதக்கணக்கில் குற்றவாளி மாதிரித் தலை குனிந்து திரிந்திருக்க மாட்டான். பிறகு நானே போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது அவனும் உழைத்துச் சொந்தமாக ஒரு பைக் வைத்திருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். என் பைக் இந்த மாரிக்கும் அவர்கள் வீட்டில்தான் நிற்கப்போகிறது. விறாந்தையில் இல்லை, மேடான பின் அறையில்.

உங்கள் ஒழுங்கையில் உயர்ந்த இடம் எது என்று கீழே எழுதுங்கள். தெரிந்த வேறு வழிமுறைகள் இருந்தாலும் சொல்லுங்கள். நான் பிழையாக ஏதாவது எழுதியிருந்தால் கராச் பாஸ்மார் தயங்காமல் திருத்துங்கள்.

இந்த மாரி எல்லோருக்கும் வயலை நிறைக்கிற மாரியாக மட்டும் அமையட்டும். இன்ஷா அல்லாஹ்.