பிண்டமா, பிள்ளைகளா?

தனுஷ்கோடிக்கு வருகின்றவர்களில் அநேகர் செத்துப்போன பிதுர்களுக்குப் பிண்டம் போடவே வருகின்றார்கள். செத்தவர் வந்து தின்றாரா என்று கேட்டால் நம்மை நாஸ்திகர் என்பார்கள். என்னவோ சொல்லிக்கொள்ளட்டும். அதே மணலில் குடிசை போட்டு வலை இழுக்கின்றவர்களின் பிள்ளைகள் உயிரோடிருக்கின்றனவே, அவைகளுக்கு என்ன வைத்திருக்கின்றீர்கள் என்றுதான் நாம் கேட்கின்றோம்.

“பள்ளிக்கூடத்தில் சோறு போடுகின்றார்களே” என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் பாட்டும் நடிப்பும் சம்பளம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகளுக்குத்தானே கிடைக்கின்றன?

முன்பு சோறும் நடிப்பும் சேர்ந்தே கிடைத்த இடம் பாய்ஸ் கம்பெனி. 1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு தோன்றிய பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றார்கள். 1982-ல் முதல் மந்திரியாயிருந்து சத்துணவுத் திட்டம் கொண்டுவந்த எம்.ஜி.ஆரும் வறுமையினால் சிறு வயதிலேயே அத்தகைய கம்பெனிக்குப் போனவரே. ஏழைப் பிள்ளைக்குக் கலை வரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ஆனால் அங்கே சோறுதான் கூலி. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் வேஷம் போயிற்று. பெண் வேஷத்தையும் ஆண் பிள்ளையே போட்டான். அந்த அடிமைத்தனம் நமக்கு வேண்டாம்.

சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்து, 1925-ல் நாடே கொதித்த கதையையும் நாம் மறக்கவில்லை. பந்தியில் பேதம் வைத்துவிட்டு எந்தக் கல்வியைக் கொடுத்தென்ன?

ஆகவே, மாதம் ஒரு நாள் ஊர்ப் பொதுவிடத்தில் ஆணும் பெண்ணுமாய்ப் பிள்ளைகள் நாடகம் ஆடட்டும். ஆடி முடிந்ததும் ஊரார் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். கதைக்குப் புராணம் எதற்கு? 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் இந்த ஊரையும், வந்துகொண்டிருந்த ரயில் வண்டியையும் விழுங்கிற்றே. அந்தக் கடல் யாருடைய ஜாதியை விசாரித்தது? அதையே ஆடட்டும்.

“கூத்தாடிப் பிழைப்பு” என்று முகம் சுளிக்கின்றவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். அட்டைக் கிரீடம் வைத்து ஆடிய பிள்ளைக்கு, கிரீடத்தைக் கழற்றினால் ராஜா இல்லை என்பது தெரிந்துபோகும். பிறகு பூணூலையும் விபூதியையும் காட்டி அவனை ஏமாற்ற முடியுமா? அதுதான் அவர்களுக்குப் பயம்!

பணத்துக்கு எங்கே போவது என்கின்றீர்களா? திதிக்குச் செலவழிக்கும் பணத்தைக் கொடுங்கள். பிண்டம் கடலில் கரைந்துபோகும். பிள்ளை கற்றது கரையாது.