ஊசலும் ஒரு விருப்பப் பாடமும்
பக்கத்து வீட்டுப் பெண் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். விருப்பப் பாடப் படிவத்தோடு வந்திருந்தாள். எண்ணியல் முறைகளை விட்டுவிட்டு, மதிப்பெண் சுலபமாக விழும் என்று சீனியர்கள் சொன்ன வேறொரு தாளைக் குறித்திருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பிளஸ் ஒன் ஆய்வகத்தில் தனிஊசலைக் கொஞ்சமாகத்தானே இழுத்துவிடச் சொன்னார்கள், ஏன் என்று கேட்டேன். கோணம் சிறிதாக இருந்தால்தான் சூத்திரம் பொருந்தும் என்றாள். சரி, 90 டிகிரிக்கு இழுத்துவிட்டால்? பதில் இல்லை. அலைவு நேரம் அந்தச் சூத்திரம் சொல்வதைவிட ஏறத்தாழ 18 சதவீதம் கூடும். எண்ணியல் முறைகளைக் கற்று, பைத்தான் நிரல்மொழியில் இருபது, முப்பது வரி எழுதினால் அவளே அதைக் கண்டுகொள்ளலாம். காற்றின் தடை, சூரியனும் பூமியும் நிலாவும் ஒன்றையொன்று இழுப்பது என்று, காகிதத்தில் முழுத் தீர்வு கிடைக்காத கணக்குகள்தானே இயற்கையில் அதிகம்? 2019-இல் உலகமே பார்த்த கருந்துளைப் படத்தை உருவாக்கவும் பைத்தான் நிரல்கள் உதவின. விருப்பப் பாடங்களில் மின்னணுவியலும் நல்ல பாடம்தான், கைவேலையில் ஆர்வம் உள்ளவர்கள் தாராளமாக எடுக்கலாம். ஆனால் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் எண்ணியல் முறைகளையே சொல்வேன். பிள்ளைகளே, எந்தத் தாளில் மதிப்பெண் விழும் என்று விசாரிக்கும் முன், அந்தத் தாளின் பாடத்திட்டத்தை ஒருமுறை முழுசாக வாசித்துவிடுங்கள்.