ஏடு புரள்கிறது, விலங்கு கழலவில்லை!

நாளுக்கோர் ஏடு! விழாநாள் என்றும் துக்கநாள் என்றும் விலக்கில்லை. உலகெங்கும் பரவிக் கிடக்கும் பல்லாயிரம் யூதர்கள், அன்றன்றைக்குரிய அதே ஏட்டைப் படிக்கின்றனர். 1923-ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டிலே ரபி மேயிர் ஷபீரோ வகுத்த திட்டம் இது. பாபிலோனியத் தல்மூத்தின் 2,711 ஏடுகளையும் படித்து முடிக்க ஏறத்தாழ ஏழரை ஆண்டு. முடித்த மறுநாளே முதல் ஏடு!

தோராவின் சட்டங்களைப் பற்றி ரபிமார் தலைமுறை தலைமுறையாக நிகழ்த்திய வாதங்களின் தொகுப்பே தல்மூத். தோற்றவரின் வாதமும் அதிலே இடம் பெற்றிருக்கிறது. இந்தப் படிப்பைப் பழிக்க நாம் வரவில்லை. 1242-இல் பாரிசிலே இவ்வேடுகளை வண்டி வண்டியாகக் கொளுத்திய கூட்டத்தாரோடு பகுத்தறிவாளனுக்கு உறவில்லை. அவர்கள் தீ மூட்டினர். நாம் கேள்வி கேட்கிறோம்.

அவ்வேட்டிலேயே ஒரு கதை. அடுப்பொன்று தூயதா, அன்றா என்று வழக்கு. ரபி எலியேசர் தம் கட்சியை நிலைநாட்ட மரத்தை இடம் பெயர்த்தாராம்; ஓடையைப் பின்னோக்கி ஓட்டினாராம்; வானத்துக் குரலும் அவர் பக்கமே பேசிற்றாம். ரபி யோசுவாவோ, சட்டம் வானத்தில் இல்லை என்று மறுத்துவிட்டார். பெரும்பான்மையோர் முடிவே வென்றது!

வானத்துக் குரலையே தள்ளியவர்களின் வழிவந்தோர் இன்று செய்வதென்ன?

கணவன் இசைந்து விலக்குச் சீட்டுத் தந்தாலன்றி மனைவிக்கு விடுதலையில்லை. இஸ்ரேலிலே யூதரின் மணமும் மணவிலக்கும் 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ரபிமார் நீதிமன்றத்தின் கையில். மறுக்கும் கணவனை அது சிறையிலே தள்ளலாம்; ஆயினும் அவன் இசையும்வரை கட்டு அவிழாது. அவளுக்குப் பெயர் ‘அகுனா’ — கட்டுண்டவள்! வேறொருவரோடு வாழ்ந்து அவள் குழந்தை பெற்றாலோ, ஒரு பாவமும் அறியாத அக்குழந்தைக்கும் மணத்தடை!

‘இறைவன் விதித்தது, மனிதன் மாற்றலாகாது’ என்பர். மாற்றவே இல்லையா? ஏழாம் ஆண்டில் கடன் தள்ளுபடி என்றது தோரா. அதனால் ஏழைக்குக் கடன் கொடுப்பார் இல்லாமற் போகவே, தனிப் பத்திரம் வகுத்து வழி கண்டார் ஹில்லேல். தோரா தடுக்காத பலதார மணத்தைத் தடுத்தது, ஆயிரம் ஆண்டுகட்கு முன் ரபி கெர்சோம் பெயரால் எழுந்த ஆணை. அந்த ஆணைக்கும் விலக்குண்டு: நூறு ரபிமார் கையொப்பமிட்டால் ஆண் மறுமணம் செய்யலாம்! அந்த நூறு கைகள் பெண்ணுக்காக எழுதுகோல் ஏந்தாதது ஏன்?

பெண்ணுக்குத் தோரா கற்பிப்பது கேடு என்றவரும் அடுப்பு வழக்கிலே தோற்ற அதே எலியேசர்தான். அந்தச் சொல்லும் தோற்று வருகிறது. 2020 சனவரியில் எருசலேமிலே பெண்கள் ஆயிரக்கணக்கிலே திரண்டு, தல்மூத் முழுவதையும் கற்று முடித்ததற்கு விழா எடுத்தனர். படிக்கத் தெரிந்தவளுக்குக் கேட்கவும் தெரியும். அவள் கேட்கட்டும்!

இளைஞர்களே! எந்த மதத்தான் எந்த ஏட்டை நீட்டினும், ‘இதனால் யார் விடுபட்டார்? யார் கட்டுண்டார்?’ என்று கேளுங்கள். 2,711 ஏடுகளைப் புரட்டும் கைகளுக்கு ஒரு விலங்கைக் கழற்ற வலுவில்லையா? வலுவுண்டு, மனந்தான் வரவில்லை!