விலகி நிற்கும் புள்ளியை அழிக்காதீர்கள்

ஊசல் சோதனையில் ஒரே ஓர் அளவீடு மட்டும் வரைபடக் கோட்டைவிட்டு விலகி நிற்கிறது. உடனே உங்கள் கை அழிப்பானைத் தேடுகிறது, இல்லையா? மாணவப் பருவத்தில் நானும் செய்ததுதான். ஆனாலும் அது கூடாது என்பேன்.

பல்சர் என்பது, பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும் நியூட்ரான் விண்மீன். குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டர்தான். ஒரு விளிம்பைத் தேக்காவில் வைத்தால் மறு விளிம்பு சாங்கி விமான நிலையத்தை எட்டிவிடும். ஆனால் நிறையோ சூரியனைவிட அதிகம்! அது சுழலச் சுழல, அதன் வானொலி அலை கலங்கரை விளக்கின் ஒளிபோல நம்மைத் தொட்டுச் செல்லும். கடிகாரம்போல் தவறாமல் வரும் அந்தத் துடிப்பு, சற்று முந்தியும் பிந்தியும் வந்தால்? ஏதோ ஒரு கோள் பல்சரை இழுத்து அசைக்கலாம்.

1991இல் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ லைன் குழுவினர் அப்படியொரு கோளைக் கண்டதாக அறிவித்தார்கள். அது பல்சரைச் சுற்ற ஆறு மாதம் ஆகுமாம். நம் பூமி சூரியனைச் சுற்றும் காலத்தில் சரிபாதி! சந்தேகம் வரவேண்டிய எண்தான். பூமியின் பாதை நீள்வட்டம் என்பதைத் தங்கள் கணக்கில் சரியாகச் சேர்க்கவில்லை என்பதை லைனே பிறகு கண்டுபிடித்தார். 1992 ஜனவரியில், அட்லாண்டா நகரில் கூடிய வானியலாளர்கள் முன் அதை வெளிப்படையாகச் சொன்னார். அரங்கம் கைதட்டியது.

அதே மாநாட்டில் அலெக்சாண்டர் வோல்ஷான் பேசினார். அரெசிபோ தொலைநோக்கியில் அவர் கண்ட பல்சர், நொடிக்கு ஏறத்தாழ 161 முறை சுழல்வது. அதன் துடிப்புகளும் கணக்கோடு ஒத்துவரவில்லை. டேல் ஃப்ரெய்லுடன் சேர்ந்து அவர் எல்லாவற்றையும் சரிபார்த்தார், பிசிறு போகவில்லை. 66 நாளுக்கு ஒருமுறையும் 98 நாளுக்கு ஒருமுறையும் சுற்றும் இரண்டு கோள்கள் அங்கே உண்மையாகவே இருந்தன. சூரியக் குடும்பத்துக்கு வெளியே முதன்முதலில் உறுதியான கோள்கள் அவை. 1994இல் மூன்றாவதும் தெரிந்தது. அதன் நிறை நம் நிலவைப்போல் இரு மடங்குதான்.

கவனியுங்கள். இரண்டு இடத்திலும் பிசிறு இருந்தது. ஒன்று கணக்குப் பிழை, மற்றது கோள். அழித்திருந்தால் எது எதுவென்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

ஊட்டி வானொலித் தொலைநோக்கியை 11 பாகை சரிந்த மலைச்சரிவில் கட்டியதும் பூமியைக் கணக்கில் எடுத்துத்தான். ஊட்டியின் அட்சரேகையும் 11 பாகை என்பதால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது.

அடுத்த முறை அந்தப் புள்ளியை வட்டமிடுங்கள். நேரமிருந்தால் மீண்டும் அளந்து பாருங்கள். காரணம் என்னவாக இருக்கும் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். மதிப்பெண் குறையுமே என்கிறீர்களா? என் வகுப்பில் குறையாது.